1914-க்குப் பிந்தைய உலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், போர்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு 'இது நிஜமா நடந்ததா' என்று கேட்பவர்கள், செய்தியில் வரும் சண்டையின் பழைய கதையைத் தேடுபவர்கள் என யார் வந்தாலும், உலக வரலாற்றில் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தக் காலத்தை இரண்டு உலகப் போர், ஒரு பனிப்போர் என்று மூன்று துண்டாகப் படித்தால் பல கேள்விகளுக்கு விடை கிடைக்காது. பேரரசுகள் எப்படி உடைந்தன, உடைந்த இடத்தில் என்ன வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். பதில்களில் இது திரும்பத் திரும்ப வரும்.

1. இருபதாம் நூற்றாண்டு முன்னாடியே தொடங்கிடுச்சே, ஏன் எல்லாரும் 1914-ல இருந்து ஆரம்பிக்கிறாங்க?

அன்றைய உலக வரைபடத்தை விரித்தால் தெரிவது நாடுகள் அல்ல, பேரரசுகள். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர் கைக்குப் போகாமல் 1914 வரை தாக்குப்பிடித்தவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும்தான். ஆசியாவில் ஜப்பான், சீனா, சயாம், பாரசீகம் என்று சில நாடுகளே தப்பின. அவற்றிலும் சீனாவும் பாரசீகமும் வெளிநாட்டார் பிடியில் பாதி சிக்கியிருந்தன. 1914-இல் மூண்ட போர் அடங்கிய சில ஆண்டுகளுக்குள் ரஷ்ய, ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரிய, ஆட்டோமான் என்ற நான்கு பேரரசுகள் இல்லாமல் போயின. அதனால்தான் அந்த ஆண்டைத் தொடக்கமாக வைக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் 1905-இல் தொடங்குவேன். அந்த ஆண்டு மே மாதம் சுஷிமா கடற்போரில் ஜப்பான் ரஷ்யக் கடற்படையை நொறுக்கியது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஓர் ஆசிய நாடு நவீனப் போரில் வீழ்த்த முடியும் என்ற செய்தி அடிமை நாடுகளில் இருந்த படித்த இளைஞர்களை உலுக்கிவிட்டது. அதே ஜப்பான் 1910-இல் கொரியாவை விழுங்கியது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

2. ஒரு இளவரசரைச் சுட்டதுக்காகவா உலகமே நாலு வருஷம் சண்டை போட்டுச்சு?

இல்லை. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் கவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது போஸ்னிய செர்பிய இளைஞன் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டைச் சுட்டான். ஆஸ்திரியா செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை அனுப்பியது ஜூலை 23-இல். நடுவே ஏறக்குறைய நான்கு வாரம். அந்த வாரங்களில் எடுத்த முடிவுகள்தான் போர். எது வந்தாலும் உன் பக்கம் நிற்கிறேன் என்று ஜூலை தொடக்கத்திலேயே ஜெர்மனி ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. செர்பியாவுக்காக ரஷ்யா படை திரட்டியது. ஜெர்மனியிடம் இருந்த போர்த் திட்டமோ, முதலில் பெல்ஜியம் வழியாகப் புகுந்து பிரான்ஸை முடித்துவிட்டு அப்புறம் ரஷ்யா பக்கம் திரும்புவது. கிழக்கே தொடங்கிய தகராறு மேற்கே வெடித்தது அதனால்தான். பெல்ஜியத்துக்குள் படை நுழைந்ததும் ஆகஸ்ட் 4-இல் பிரிட்டனும் இறங்கியது.

அது 'உலக'ப் போர் ஆனதற்குக் காரணம் காலனிகள். இந்தியாவில் இருந்து மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கர்கள் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் செத்தார்கள். ஐரோப்பாவில் 1918 நவம்பர் 11-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த ஜெர்மன் படை சரணடைந்தது நவம்பர் 25-இல். அந்தக் களத்தில் சுமை தூக்கியே பசியிலும் நோயிலும் மாண்ட ஆப்பிரிக்கர்களைப் பற்றிப் பாடப்புத்தகங்களில் ஒரு வரிகூட இருப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

3. ரஷ்யப் புரட்சி பிப்ரவரியா, அக்டோபரா, நவம்பரா? ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒண்ணு இருக்கு.

மூன்றுமே சரி. 1917-இல் நடந்தவை இரண்டு புரட்சிகள். ரஷ்யா அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்திருந்தது. அது இன்றைய நாட்காட்டிக்கு 13 நாள் பின்தங்கியது. ரொட்டி வரிசையில் தொடங்கி ஜார் மன்னரைப் பதவி இறக்கியது முதல் புரட்சி. அது பழைய கணக்கில் பிப்ரவரி, புதிய கணக்கில் மார்ச். லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தது இரண்டாவது. அது பழைய கணக்கில் அக்டோபர் 25, புதிய கணக்கில் நவம்பர் 7. நடுவே ஆண்ட இடைக்கால அரசு, மக்கள் வெறுத்துப்போயிருந்த போரை நிறுத்தாமல் தொடர்ந்தது. அது கவிழ்ந்ததற்கு முதன்மையான காரணம் அதுதான்.

4. 1929-ல அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தா மத்த நாடுகளுக்கு என்ன வந்துச்சு?

முதல் போருக்குப் பிறகு பணம் ஒரு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்க வங்கிகள் ஜெர்மனிக்குக் கடன் கொடுத்தன. ஜெர்மனி அதை வைத்து பிரான்ஸுக்கும் பிரிட்டனுக்கும் போர் இழப்பீடு கட்டியது. அவர்கள் அதை வைத்து அமெரிக்காவிடம் பட்ட போர்க்கடனை அடைத்தார்கள். அமெரிக்கா கையை இழுத்துக்கொண்டதும் வட்டமே நின்றது. 1930-இல் அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்த, மற்ற நாடுகளும் போட்டிக்கு உயர்த்த, வணிகம் சுருங்கியது. 1931 மே மாதம் வியன்னாவின் மிகப் பெரிய வங்கி முறிந்தது. பல நாடுகளின் பணம் தங்கத்தோடு கட்டப்பட்டிருந்ததால், நெருக்கடியில் தாராளமாகச் செலவு செய்ய அரசுகளால் முடியவில்லை. 1933-இல் அமெரிக்காவில் வேலை தேடியவர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

காலனிகளில் இந்த அடி வேறு விதமாக விழுந்தது. அரிசி, ரப்பர், காப்பி, சணல் எல்லாவற்றின் விலையும் சரிந்தது, ஆனால் அரசு கேட்ட வரி குறையவில்லை. விளைச்சலை விற்றும் வரி கட்ட முடியாத விவசாயிகள் பர்மாவில் 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்தார்கள். அதே ஆண்டு வியட்நாமின் ங்கே-அன், ஹா-தின் பகுதிகளிலும் கிளர்ச்சி. வால் ஸ்ட்ரீட் கதையோடு இவற்றையும் படித்தால்தான் பெருமந்தம் முழுதாகப் புரியும்.

5. வெர்சாய் ஒப்பந்தம்தான் ஹிட்லரை உருவாக்குச்சுன்னு படிச்சேன். சரிதானே?

பாதி சரி. 1919 ஜூன் 28-இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் 231-ஆம் பிரிவு, போரால் வந்த இழப்புகளுக்கான பொறுப்பை ஜெர்மனி மேலும் அதன் கூட்டாளிகள் மேலும் சுமத்தியது. 1921-இல் இழப்பீடு 13,200 கோடி தங்க மார்க் என்று குறிக்கப்பட்டது. 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்ற அளவுக்குப் பணம் மதிப்பிழந்தது. அவமானமும் கோபமும் உண்மையானவை.

ஆனால் ஓட்டுக் கணக்கைப் பாருங்கள். பணம் காகிதமாகிப் போன அதே 1923-இல் மியூனிக்கில் ஹிட்லர் முயன்ற ஆட்சிக் கவிழ்ப்பு படுதோல்வி. 1928 தேர்தலில் நாஜிக் கட்சிக்கு 2.6 சதவீதம். 1930-இல் 18.3. 1932 ஜூலையில் 37.3. ஒப்பந்தம் 1928-லும் அதே ஒப்பந்தம்தான். நடுவில் வந்தது 4-ஆம் கேள்வியில் சொன்ன பெருமந்தம். 60 லட்சம் ஜெர்மானியர் வேலை இழந்திருந்தார்கள். இன்னொன்று, இழப்பீடு 1932-லேயே லோசான் மாநாட்டில் ஏறக்குறைய கைவிடப்பட்டுவிட்டது.

அதன் பிறகும் ஹிட்லர் வருவது கட்டாயமாக இருக்கவில்லை. 1932 நவம்பர் தேர்தலில் அவர் கட்சி 33.1 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. சுதந்திரமான தேர்தல் எதிலும் அவருக்குப் பெரும்பான்மை கிடைத்ததில்லை. 1933 ஜனவரி 30-இல் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். ஃபான் பாப்பன் போன்ற பழமைவாதத் தலைவர்கள், இவரைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு அதற்கு வழி செய்தார்கள். வெர்சாயைக் குற்றம் சொல்லும்போது இந்த மனிதர்கள் தப்பித்துவிடுகிறார்கள். நான் இவர்களைத்தான் முதலில் சொல்வேன்.

6. ரெண்டாம் உலகப் போர் 1939-லயா, 1937-லயா?

கேட்கும் இடத்தைப் பொறுத்தது. போலந்துக்கு ஜெர்மனி படையெடுத்த 1939 செப்டம்பர் 1. சோவியத் மக்கள் தங்கள் பெரும்போரை ஜெர்மனி தங்களைத் தாக்கிய 1941 ஜூன் 22-இல் இருந்து கணக்கிடுவார்கள். அமெரிக்கர்களுக்கு ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஆண்டு டிசம்பர் 7. சீனர்களுக்கு 1937 ஜூலை 7-இல் பெய்ஜிங் அருகே லூகோ பாலத்தில் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நான்ஜிங் படுகொலையும் தொடங்கிவிட்டது. இன்னும் பின்னால் போனால், 1931-இல் ஜப்பான் மஞ்சூரியாவையும் 1935-இல் இத்தாலி எத்தியோப்பியாவையும் தாக்கின. எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி 1936-இல் ஜெனீவாவுக்கே போய், ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கத்திடம் நேரில் முறையிட்டார். பலன் இல்லை.

1939 என்பது ஐரோப்பாவின் தேதி. தேர்வில் அதை எழுதுங்கள், ஆனால் இறந்தவர்கள் எண்ணிக்கையில் சோவியத் ஒன்றியத்துக்கு அடுத்து நிற்பது சீனா என்பதை மறக்காதீர்கள்.

7. யூதர்கள் மேல ஏன் அவ்வளவு வெறுப்பு? அவங்க ஏன் முன்கூட்டியே தப்பிச்சுப் போகலை?

வெறுப்பு பழையது. இயேசுவைக் கொன்றவர்கள் என்ற மதப் பழி இடைக்காலம் முழுவதும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அதன் மேல் இன அறிவியல் என்ற போலிச் சாயம் பூசப்பட்டது. 1918 தோல்விக்குப் பிறகு, நம் படை களத்தில் தோற்கவில்லை, உள்ளேயிருந்து முதுகில் குத்திவிட்டார்கள் என்ற பொய் பரவி, பழி யூதர்கள் மேலும் இடதுசாரிகள் மேலும் விழுந்தது. ஜெர்மனியில் அப்போது யூதர்கள் சுமார் 5 லட்சம் பேர்தான், மக்கள் தொகையில் ஒரு சதவீதம்கூட இல்லை.

தப்பிப் போகவில்லை என்பது தவறு. 1939-க்குள் ஜெர்மன் யூதர்களில் பாதிக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். வெளியேற வேண்டுமானால் சொத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும், ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் வேண்டும். 1938 ஜூலையில் எவியான் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின. ஏறக்குறைய எல்லோரும் அனுதாபம் தெரிவித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். 1939-இல் 900-க்கும் மேற்பட்ட அகதிகளோடு போன செயின்ட் லூயிஸ் கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்கவில்லை. அது ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் இருந்தவர்களில் 254 பேர் பின்னர் கொல்லப்பட்டார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் யூதர்களே அல்ல. போலந்தில் மட்டும் சுமார் 30 லட்சம் பேர். அவர்கள் ஹிட்லரின் ஆட்சியில் வாழ்ந்தவர்கள் இல்லை, போர்தான் ஹிட்லரை அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்தது. 1942 ஜனவரியில் பெர்லின் அருகே வான்சே மாளிகையில் நாஜி அதிகாரிகள் கூடி யூதர்களை அழிக்கும் திட்டத்தை ஒருங்கிணைப்பதற்கு முன்பே, 1941 செப்டம்பரில் கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கொலைகாரர்களே தங்கள் அறிக்கையில் எழுதிவைத்த எண் அது.

8. அணுகுண்டு போட்டதாலதானே ஜப்பான் சரணடைஞ்சது?

நாட்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. ஆகஸ்ட் 8 இரவு சோவியத் ஒன்றியம் ஜப்பான் மேல் போர் அறிவித்தது. ஆகஸ்ட் 9 காலை நாகசாகி. அன்று கூடிய ஜப்பானின் உயர் போர்க்குழுவில், எந்த நிபந்தனையோடு சரணடைவது என்பதில் மூன்றுக்கு மூன்று என்று பிளவு. பேரரசர் ஹிரோஹிட்டோ தலையிட்டு முடிவு செய்தார், ஆகஸ்ட் 15-இல் வானொலியில் அறிவித்தார்.

மார்ச் மாதம் டோக்கியோ மேல் ஒரே இரவில் வீசிய தீக்குண்டுகளில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்திருந்தார்கள், அப்போது ஜப்பான் பணியவில்லை. மாஸ்கோவை நடுவராக வைத்துச் சமாதானம் பேசலாம் என்ற கடைசி நம்பிக்கை அதற்கு இருந்தது, ஆகஸ்ட் 8-இல் அதுவும் போனது. எனவே குண்டா, சோவியத் படையெடுப்பா என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள ஆதாரங்கள் இடம் தரவில்லை. இரண்டும் மூன்று நாளுக்குள் வந்தன. ஆனால் சரணடைந்ததற்குக் காரணம் எது என்பதும், குண்டு போட்டது நியாயமா என்பதும் வேறு வேறு கேள்விகள். அந்த ஆண்டு முடிவதற்குள் இரு நகரங்களிலும் இறந்த சுமார் 2 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் பொதுமக்கள். முதல் கேள்விக்கு என்ன விடை சொன்னாலும் இரண்டாவது அப்படியே நிற்கும்.

9. போரைத் தடுக்க முடியலைன்னா ஐ.நா. எதுக்கு?

6-ஆம் பதிலில் வந்த நாடுகளின் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் இத்தாலியும் விலகிப் போயின. அந்தப் பாடத்தில் இருந்துதான் 1945-இல் ஐந்து வல்லரசுகளுக்குத் தடுப்பதிகாரம் (வீட்டோ) தரப்பட்டது, அவர்களை உள்ளேயே வைத்திருப்பதற்காக. அந்த ஐவரில் ஒருவரே போரில் இறங்கினால் பாதுகாப்பு அவையின் கை கட்டப்பட்டுவிடும் என்பதும் தெரிந்தே செய்ததுதான்.

அதன் பெரிய பங்களிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 51 நாடுகளோடு தொடங்கிய அமைப்பில் இன்று 193 நாடுகள். புதிதாகச் சேர்ந்த நாடுகள் பொதுச்சபையில் பெரும்பான்மையாகி, 1960 டிசம்பரில் காலனி ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவரக் கோரும் தீர்மானத்தை நிறைவேற்றின. ஒரு நாடும் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. ஆண்டுகொண்டிருந்த நாடுகள் ஓட்டே போடாமல் விலகி நின்றன.

10. போர்ல ஜெயிச்ச பிரிட்டனும் பிரான்ஸும் ஏன் காலனிகளை விட்டாங்க? பெருந்தன்மையா?

பெருந்தன்மை இல்லை. முதலில் மரியாதை போனது. 1942 பிப்ரவரி 15-இல் அசைக்க முடியாத கோட்டை என்று சொல்லப்பட்ட சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. பிரிட்டிஷ் வரலாற்றிலேயே மிகப் பெரிய சரணடைவு அது. டச்சுக்காரர்களின் இந்தோனேசியாவும் சில வாரங்களில் போனது. ஜப்பானியர் கொடூரமாகத்தான் ஆண்டார்கள், ஆனாலும் பழைய எஜமானர்கள் ஓடியதைக் கண்ட மக்கள் பிறகு அவர்களைப் பழையபடி பார்க்கவில்லை. ஜப்பான் பணிந்த இரண்டே நாளில், 1945 ஆகஸ்ட் 17-இல், சுகர்னோ இந்தோனேசிய விடுதலையை அறிவித்தார். செப்டம்பர் 2-இல் ஹோ சி மின் வியட்நாமுக்கு.

அடுத்தது பணம். பிரிட்டன் போரை நடத்தியதே கடனில். 1946-இல் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் வாங்கியது. கனடா கொடுத்ததும் சேர்ந்து அந்தக் கடன் தீர்ந்தது 2006 டிசம்பரில். இந்தியாவுக்கே அது நூறு கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்திருந்தது. 1946 பிப்ரவரியில் பம்பாயில் இந்தியக் கடற்படை மாலுமிகள் கிளர்ந்தபோது, எந்தப் படையை வைத்து இந்தியாவை ஆண்டார்களோ அந்தப் படையையே இனி நம்ப முடியாது என்பது வெளிப்படையானது.

விட்டுவிட்டுப் போனார்கள் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஐரோப்பா வெற்றியைக் கொண்டாடிய 1945 மே 8 அன்றே அல்ஜீரியாவின் செதிஃப் நகரில் விடுதலை கேட்டவர்கள் மேல் பிரெஞ்சுப் படை பாய்ந்தது. அடுத்த வாரங்களில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அல்ஜீரியா விடுதலை பெற 1954 முதல் 1962 வரை போராட வேண்டியிருந்தது. வியட்நாமில் தியன் பியன் பூ கோட்டை 1954-இல் விழும்வரை பிரான்ஸ் நகரவில்லை. கென்யாவில் பிரிட்டன் முகாம்களில் அடைத்துச் சித்திரவதை செய்தது. அதற்காக 2013-இல்தான் வருத்தம் தெரிவித்து 5,000-க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு கொடுத்தது. போர்ச்சுகல் 1974-இல் அதன் சொந்த ராணுவமே லிஸ்பனில் ஆட்சியைக் கவிழ்க்கும்வரை அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் விடவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள் என்பேன். இன்றைய நாடுகளில் பெரும்பாலானவை பிறந்த கதை இது.

11. ஆப்பிரிக்க எல்லைகள் ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்கு. விடுதலைக்கு அப்புறமும் ஏன் மாத்தலை?

1884–85 பெர்லின் மாநாட்டில் உட்கார்ந்து எல்லாக் கோடுகளையும் போட்டுவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். மாநாடு வகுத்தது பெரும்பாலும் விதிமுறைகளைத்தான். கோடுகள் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் வல்லரசுகள் இருவர் இருவராகப் பேசிப் போட்டவை.

1960-இல் மட்டும் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. எல்லைகள் அநியாயமானவை என்று தலைவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றைத் திறந்தால் அத்தனையும் திறக்கும், கண்டமே போர்க்களமாகும் என்ற அச்சம் இருந்தது. 1964-இல் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு, விடுதலையின்போது இருந்த எல்லைகளை மதிப்பது என்று தீர்மானித்தது. சோமாலியாவும் மொராக்கோவும் ஏற்கவில்லை. நைஜீரியாவில் இருந்து பிரிய முயன்ற பியாஃப்ரா 1967–70 போரில் பட்டினியால் நசுக்கப்பட்டது. பிறகு பிரிந்து உலக அங்கீகாரம் பெற்றவை எரித்திரியாவும் (1993) தெற்கு சூடானும் (2011) மட்டுமே. அந்தத் தீர்மானம் எல்லைப் போர்களைக் குறைத்தது, உள்நாட்டுப் போர்களைக் குறைக்கவில்லை.

12. பனிப்போர்னா சண்டையே நடக்காத போர்தானே?

வாஷிங்டனும் மாஸ்கோவும் நேருக்கு நேர் மோதவில்லை, அவ்வளவுதான். கொரியாவில் 1950–53-இல் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நிலத்தில் கோடு ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்றும் இல்லை, போர்நிறுத்தம் மட்டும்தான். வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் 58,000 பேர் இறந்ததை எல்லோரும் சொல்வார்கள். வியட்நாமியர் இறந்தது முப்பது லட்சம் அளவில் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. இந்தோனேசியாவில் 1965–66-இல் கம்யூனிஸ்டுகள் என்று குற்றம் சாட்டப்பட்டு, குறைந்தது ஐந்து லட்சம் பேர் சில மாதங்களில் கொல்லப்பட்டார்கள்.

10-ஆம் பதிலோடு சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரியும். பேரரசுகள் விலகிய இடங்களில் புதிய அரசுகள் தங்கள் எண்ணெயையும் சுரங்கத்தையும் நிலத்தையும் தாங்களே வைத்துக்கொள்ள முயன்றன. ஈரானில் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய பிரதமர் மொசாதக் 1953-இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் சதியில் கவிழ்க்கப்பட்டார். காங்கோவின் முதல் பிரதமர் லுமும்பா 1961-இல் கொல்லப்பட்டார். சோவியத் தரப்பும் சளைத்ததில்லை. 1956-இல் ஹங்கேரி, 1968-இல் செக்கோஸ்லோவாக்கியா, 1979-இல் ஆப்கானிஸ்தான் எனத் தன் பிடியில் இருந்து நழுவப் பார்த்தவர்கள் மேல் டாங்கிகளை அனுப்பியது. 1955-இல் பாண்டுங்கில் கூடிய 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் இந்த இரண்டு முகாமுக்கும் நடுவில் தங்களுக்கென ஓர் இடம் தேடின. அது கோழைத்தனம் என்று அன்றே சிலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். பட்டியலில் இருக்கும் பிணங்களை எண்ணியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

13. கியூபா ஏவுகணை நெருக்கடியில கென்னடி உறுதியா நின்னதால குருஷேவ் பின்வாங்கினார், இல்லையா?

அந்த நேரத்தில் வெளியே சொல்லப்பட்ட கதை அது. 1962 அக்டோபரில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் நடுவே நடந்தது பேரம். கியூபாவில் வைத்திருந்த ஏவுகணைகளை சோவியத் ஒன்றியம் எடுப்பதற்கு ஈடாக, கியூபா மேல் படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வெளிப்படையாக வாக்களித்தது. துருக்கியில் இருந்த தன் ஜூபிடர் ஏவுகணைகளை எடுப்பதாக ரகசியமாகவும் ஒப்புக்கொண்டது. அந்த இரண்டாவது பாதி பல ஆண்டுகள் மறைக்கப்பட்டிருந்தது. பேரத்தை மறைத்ததால், விட்டுக்கொடுக்காமல் மிரட்டினால் ஜெயிக்கலாம் என்ற தவறான பாடத்தை ஒரு தலைமுறை கற்றது.

அக்டோபர் 27-இல் அமெரிக்கக் கப்பல்கள் நெருக்கிய சோவியத் நீர்மூழ்கி ஒன்றில் அணுமுனை கொண்ட டார்பிடோ இருந்தது. அதை ஏவலாமா என்ற வாக்குவாதத்தில் வேண்டாம் என்று நின்றவர் வசிலி அர்கிபோவ் என்ற அதிகாரி.

14. இஸ்ரேல்-பாலஸ்தீனம் ரெண்டாயிரம் வருஷ மதச் சண்டைதானே?

இல்லை. இன்று நடக்கும் சண்டையின் வயது சுமார் நூறு. முதல் உலகப் போரில் ஆட்டோமான் பேரரசை உடைக்க, பிரிட்டன் ஒரே நிலப்பகுதியைப் பற்றி மூவரிடம் பேசியது. அரபு விடுதலைக்கு ஆதரவு என்று 1915–16-இல் மெக்காவின் ஷரீஃப் உசேனுக்குக் கடிதம். 1916-இல் பிரான்ஸோடு பங்கு பிரிக்கும் ரகசிய ஒப்பந்தம். 1917 நவம்பரில் பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய ஆதரவு என்று பால்ஃபர் அறிக்கை. போர் முடிந்ததும் ஆட்சிப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது.

7-ஆம் பதிலில் சொன்ன மூடிய கதவுகள் இங்கே வந்து சேர்கின்றன. மற்ற நாடுகள் ஏற்காத யூத அகதிகள் 1933-க்குப் பிறகு பெருமளவில் பாலஸ்தீனம் வந்தார்கள். தங்கள் நிலம் கைவிட்டுப் போவதைக் கண்ட அரபு மக்கள் 1936–39-இல் கிளர்ந்தார்கள். 1948-இல் இஸ்ரேல் பிறந்தபோது சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். ஐரோப்பா செய்த குற்றத்துக்கும் ஒரு பேரரசு கொடுத்த முரணான வாக்குகளுக்கும் விலை கொடுத்தவர்கள், இரண்டிலும் பங்கில்லாத மக்கள். மதம் பின்னால் வந்து இதை இறுக்கியது, தொடங்கிவைக்கவில்லை.

15. சோவியத் ஒன்றியம் ஒரு துப்பாக்கிச் சூடு கூட இல்லாம எப்படி உடைஞ்சது?

சூடு இருந்தது. 1989-இல் திபிலிசி, 1990 ஜனவரியில் பாகு, 1991 ஜனவரியில் வில்னியஸ் என ஆர்ப்பாட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். உடைந்த பிறகு தஜிகிஸ்தானிலும் செச்சென்யாவிலும் பெரிய போர்கள். ஆனாலும் அவ்வளவு பெரிய வல்லரசு அவ்வளவு குறைந்த ரத்தத்தில் கலைந்தது வரலாற்றில் அரிது. டாங்கிகளை எல்லா இடத்துக்கும் அனுப்புவதில்லை என்று கடைசி சோவியத் தலைவர் கோர்பச்சேவ் எடுத்த முடிவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

காரணங்கள் பல: ஆப்கான் போர், 1986-இல் எண்ணெய் விலைச் சரிவு, அதே ஆண்டு செர்னோபில் அணு உலை விபத்தும் அதை மறைத்த விதமும். ஆனால் முடித்துவைத்தது தேசிய இனக் கேள்வி. 1991 மார்ச் வாக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களில் முக்கால் பங்கினர் ஒன்றியம் தொடர வேண்டும் என்றார்கள். ஆறு குடியரசுகள் அதைப் புறக்கணித்தன. ஆகஸ்டில் பழமைவாதிகளின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றதும் மையம் கலகலத்துப் போனது. டிசம்பர் 1-இல் உக்ரைனில் 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஓட்டு. ஒரே வாரத்தில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் கூடி ஒன்றியம் இல்லை என்று எழுதினார்கள். 1-ஆம் பதிலில் விழுந்த ரஷ்யப் பேரரசின் நிலப்பரப்பில் பெரும்பகுதி 15 நாடுகளாக ஆனது அப்போதுதான்.

16. ஹிட்லர், ஸ்டாலின், மாவோ, யார் அதிகம் பேரைக் கொன்னாங்க?

எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1932–33 பஞ்சத்தில் சோவியத் ஒன்றியத்தில் 50 லட்சத்துக்கும் மேல், அதில் உக்ரைனில் மட்டும் 35 லட்சத்துக்கும் மேல். 1937–38-இல் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் சோவியத் ஆவணங்களின்படியே 6.8 லட்சம். சீனாவின் 1959–61 பஞ்சத்துக்கு ஆய்வாளர்கள் 1.5 கோடியில் இருந்து 4.5 கோடி வரை சொல்கிறார்கள். நாஜிகள் யூதர்களைக் கொன்றதோடு, 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சோவியத் போர்க்கைதிகளையும் சாகவிட்டார்கள்.

தரவரிசை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓர் இனத்தில் ஒரு குழந்தைகூட மிஞ்சக்கூடாது என்று திட்டமிட்டுக் கொல்வதும், தானியம் இல்லை என்று தெரிந்தும் கொள்முதலை நிறுத்தாமல் மக்களைப் பட்டினி போடுவதும் இரண்டும் குற்றம், ஆனால் வேறு வேறு குற்றம். மேலும் இந்தக் கேள்வியில் எப்போதும் அந்த மூன்று பேர் மட்டுமே வருகிறார்கள். 1943 வங்கப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் சுமார் 30 லட்சம் பேர் இறந்தார்கள். காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்ட் காலத்தில் ரப்பருக்காக மக்கள் அழிக்கப்பட்டார்கள். பட்டியலில் யாரைச் சேர்க்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

17. அப்ப காலனி காலம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லலாமா?

பெரும்பாலும் முடிந்தது, முழுதாக இல்லை. தன்னாட்சி பெறாத பகுதிகள் என்று ஐ.நா. பட்டியலில் இன்னும் 17 இடங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை சிறு தீவுகள். பெரியது மேற்கு சகாரா. ஸ்பெயின் 1976-இல் வெளியேறி முடிப்பதற்குள்ளேயே மொராக்கோ நுழைந்துவிட்டது, அங்கே என்ன வேண்டும் என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு இன்றுவரை நடக்கவில்லை.

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் கதை அந்தப் பட்டியலிலேயே இல்லை. மொரீஷியஸுக்கு 1968-இல் விடுதலை கொடுப்பதற்கு முன், 1965-லேயே பிரிட்டன் அந்தத் தீவுகளைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கே வாழ்ந்த மக்கள் அனைவரையும் 1973-க்குள் வெளியேற்றியது. அந்தப் பிரிப்பு சட்டப்படி நடக்கவில்லை என்று 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்குத் தரும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டது. அமெரிக்கத் தளம் உள்ள தியேகோ கார்சியா தீவு மட்டும் 99 ஆண்டு பிரிட்டனின் கட்டுப்பாட்டிலேயே இருக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது.